அந்தப் புள்ளியை வைத்தது நானா?

கேள்வி:

என் மகனுக்கு 11 வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஐந்து மாதமாகக் காலையில் எழுந்தாலே வயிற்றுவலி என்கிறான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. கிரிக்கெட் மட்டையைத் தொடுவதே இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். போன வாரம் தங்கையோடு சண்டை போட்டுவிட்டு, "நான் இல்லாட்டி உங்க எல்லாருக்கும் நிம்மதிதானே" என்றான். மனநல மருத்துவர் பார்த்துவிட்டு இது மனச்சோர்வு நோய் என்று சொல்லி, கவுன்சலிங்கும் ஃபுளுவாக்ஸெடின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

இவன் ஏழு மாதமாக வயிற்றில் இருந்தபோது என் அப்பா திடீரென்று இறந்துபோனார். பிரசவம் வரை அழுதுகொண்டேதான் இருந்தேன். அதற்கு அப்புறமும் ஆறேழு மாதம் பிள்ளையைத் தூக்கவே பிடிக்காமல் கிடந்தேன். கர்ப்பிணி அழுதால் அது குழந்தையின் ஜீனில் பதிந்துவிடும், அதற்குப் பெயர் எபிஜெனெடிக்ஸ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமியாரும் "தாயைப் போல பிள்ளை" என்று குத்திக் காட்டுகிறார். எச்சிலை எடுத்து ஜீன் பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு மையத்தில் 22,000 ரூபாய் கேட்கிறார்கள். இந்த நோயை அவனுக்கு நான்தான் கொடுத்தேனா? பரிசோதனை செய்யலாமா? நாளைக்கு அவன் பிள்ளைகளுக்கும் இது போகுமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

முதலில், அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம். ஜீன் விவகாரம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. "கோபத்தில் சும்மா சொல்கிறான்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்ன பிள்ளை இப்படிப் பேசினால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்று ராத்திரி, தங்கை தூங்கிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா கண்ணா?" இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆவதில்லை. பல பிள்ளைகள் அதைக் கேட்டதும் உடைந்து அழுவார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த அழுகை அது.

"ஆமாம்" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். அவனைத் தனியாக விடாமல், அடுத்த தேதி வரை காத்திருக்காமல், உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவன் என்ன பதில் சொன்னாலும் சரி, வீட்டில் இருக்கிற மாத்திரைகள் (மாமியாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் சேர்த்து), பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாம் இன்றைக்கே பூட்டுக்குள் போகட்டும். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இனி எபிஜெனெடிக்ஸுக்கு வருகிறேன்.

ஓலைச்சுவடி பார்த்திருக்கிறீர்களா? எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். "மண" என்று ஓலையில் இருந்தால் அது மணமா, மண்ணா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். எழுத்து அதேதான். மேலே ஒரு புள்ளி விழுந்தால் அந்த எழுத்தின் குரல் பாதி அடங்கிவிடுகிறது, சொல்லே வேறாகிவிடுகிறது.

நம் டிஎன்ஏவும் நான்கே எழுத்தில் எழுதிய ஒரு சுவடி. அதில் "சி" என்கிற எழுத்தின் மேல், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு ஒன்று புள்ளி மாதிரி வந்து உட்காரும். மெத்தில் என்று பெயர். ஒரு ஜீனின் தொடக்கப் பகுதியில் இந்தப் புள்ளிகள் நிறைய விழுந்தால், பெரும்பாலும் அந்த ஜீன் வாயை மூடிக்கொள்ளும். எழுத்தை மாற்றாமல் அது படிக்கப்படும் விதத்தை மாற்றும் இது போன்ற வேலைகளைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம். மெத்தில் ஒரு வகைதான், வேறு வகைகளும் உண்டு. பெயர் பழசு: 1942இல், டிஎன்ஏவின் வடிவம் தெரிவதற்கு 11 வருடம் முன்பே, கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் வைத்தது. புள்ளி விழுவது நோயும் இல்லை, கறையும் இல்லை. ஈரல் செல்லில் இருப்பதும் மூளைச் செல்லில் இருப்பதும் ஒரே சுவடிதான்; ஒன்று ஈரலாகவும் மற்றது மூளையாகவும் வேலை பார்ப்பதற்கு இந்தப் புள்ளிகளும் ஒரு காரணம். உங்கள் வீடியோ "ஜீனில் பதிந்துவிடும்" என்றதும் பச்சை குத்திய மாதிரி ஒன்றை நினைத்திருப்பீர்கள். புள்ளி அப்படி இல்லை, விழும், கழலும்.

இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். அந்த வீடியோவின் வேர் கனடாவின் மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மைக்கேல் மீனி, மோஷே சிஃப் ஆகியோரின் குழு 2004இல் வெளியிட்ட எலி ஆய்வு அது. தாய் எலி பால் கொடுக்கும்போது முதுகை வில்லாக வளைத்துக் குட்டிகளுக்கு இடம் விட்டு நிற்கும். நடுநடுவே குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கும். சில தாய்கள் நிறைய நக்கும், சில அவ்வளவாக நக்காது. குறைவாக நக்குவது கெட்ட தாய் ஒன்றும் இல்லை. அதுவும் பால் கொடுக்கிறது, அதன் குட்டிகளும் வளர்ந்து ஆளாகின்றன. ஆனால் பெரிதான பிறகு ஒரு வித்தியாசம் தெரியும். நிறைய நக்கப்பட்டவை பயமுறுத்தினால் சீக்கிரம் அடங்கிவிடும். மற்றவை வெகுநேரம் படபடத்துக்கொண்டிருக்கும்.

ஏன் என்று புரிய உங்கள் மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு சென்சார் இருக்குமே, அதுபோல மூளையிலும் உண்டு. பயம் வந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இருக்கும் ஏற்பிகள், "போதும், ஏறிவிட்டது" என்று கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்தச் சொல்லும். ஏற்பிகள் குறைவாக இருந்தால் தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். மாண்ட்ரியல் குழு பார்த்தது அந்த ஏற்பியைச் செய்கிற ஜீனை. பிறந்த மறுநாள் பார்த்தபோது இரண்டு வகைக் குட்டிகளிலும் அந்த ஜீன்மேல் புள்ளி இருந்தது, ஒரே மாதிரி. ஆறாம் நாள் பார்த்தபோது, நிறைய நக்கப்பட்ட குட்டிகளில் அந்தப் புள்ளி கழன்றிருந்தது.

நீங்கள் பயந்த கதைக்கு இது நேர் எதிர், கவனித்தீர்களா? வயிற்றில் இருந்தபோது என்ன விழுந்தது என்பதல்ல, பிறந்த பிறகு என்ன கழன்றது என்பதுதான் இங்கே பேச்சு.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டிகளை இடம் மாற்றி வைத்தார்கள். குறைவாக நக்கும் எலி பெற்றதை நிறைய நக்கும் எலியிடம், அதன் குட்டியை இதனிடம். வளர்ந்த பிறகு பார்த்தால், புள்ளியும் சுபாவமும் பெற்றவளைப் போல இல்லை. வளர்த்தவளைப் போல இருந்தன. "தாயைப் போல பிள்ளை" என்று மாமியார் அடுத்த முறை சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். "ஆமாம் அத்தை, வளர்க்கிற கை எதுவோ அதைப் போலவாம், உங்கள் கையும் அதில் ஒன்றுதானே" என்று சொல்லிப் பாருங்கள். இன்னொன்றும் செய்தார்கள். வளர்ந்து ஆளான எலியின் மூளைக்குள் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தினார்கள். புள்ளி குறைந்தது, பயந்த எலி தெளிந்தது. அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு அடுத்த கடிதம் எழுத வேண்டாம், முடியாது. வளர்ந்த மூளையில்கூடப் புள்ளி நிரந்தரம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, எலி எலிதான். மனிதர்களில்?

2009இல் அதே மெக்கில் வட்டாரத்து ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மூளைத் திசுவில் இதே ஜீனைப் பார்த்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னாளில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 12 பேர், அப்படிக் கொடுமை எதுவும் இல்லாமல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 12 பேர், விபத்து போன்ற வேறு காரணங்களால் இறந்தவர்கள் 12 பேர். முதல் கூட்டத்தில் மட்டும் புள்ளிகள் கூடுதல். கொடுமை என்று அவர்கள் சொல்வது அடி, பாலியல் வன்முறை, கடுமையான புறக்கணிப்பு. அப்பாவைப் பறிகொடுத்து அழுதது அந்தக் கணக்கில் வராது.

உங்கள் வீடியோக்காரர் சுற்றி வளைத்தது அநேகமாக வான்கூவரில் நடந்த இன்னொரு ஆய்வு, 2008இல் வந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் சோர்ந்திருந்த தாய்மாரின் குழந்தைகளில், தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த ஜீன்மேல் புள்ளி சற்றுக் கூடியிருந்தது. மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது கார்ட்டிசாலும் சற்றுத் தூக்கலாக ஏறியது. இது உண்மையான ஆய்வுதான், மறைக்கவில்லை. ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது. பார்த்தது மூளையை இல்லை, ரத்தத்தை. அந்தக் குழந்தைகளுக்கு மனச்சோர்வு வந்ததாக அந்த ஆய்வு சொல்லவே இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. அந்தச் சின்னக் கோட்டிலிருந்து உங்கள் மகனின் வயிற்றுவலி வரை வீடியோக்காரர் ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்பத்தில் சோர்ந்திருந்த தாய் பிரசவத்துக்குப் பிறகும் சோர்ந்திருக்கலாம். தன் மரபணுவையும் பிள்ளைக்குத் தருகிறாள். மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வருவதால் எது எதைச் செய்தது என்று பிரிப்பது கஷ்டம். இதைப் பிரிக்கப் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். சோதனைக்குழாய் முறையில் பிறந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சில தாய்மார் சொந்தக் கருமுட்டையில் கருவுற்றவர்கள், சிலர் வேறு பெண் கொடுத்த முட்டையைச் சுமந்தவர்கள். இரண்டாவது வகையில் வயிறு மட்டும்தான் தாயுடையது, மரபணு இல்லை. 2010இல் வந்த முடிவில் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. குழந்தையின் எடை குறைவதில் கர்ப்பகால அழுத்தத்துக்குப் பங்கு இருந்தது. முரட்டுத்தனத்திலும் அந்தப் பங்கு தெரிந்தது. ஆனால் குழந்தையின் பயம், பதற்றம் இருக்கிறதே, அதைக் கர்ப்பகாலத்தைவிடத் தாயின் இப்போதைய மனநிலையே விளக்கியது. இப்போதைய என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஆக, நீங்கள்தான் கொடுத்தீர்களா என்ற முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை. அந்தத் துக்கம் அவன் உடம்பில் எந்தத் தடமும் விட்டிருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தத் தடத்திலிருந்து இந்த நோய்க்குக் கோடு போட இன்றைய அறிவியலில் யாராலும் முடியாது. போடுகிறேன் என்பவர் விற்பதற்கு ஏதோ வைத்திருக்கிறார். அப்புறம், ஏழாம் மாதத்தில் அப்பா இறந்தால் எந்த மகள் அழாமல் இருப்பாள்?

அந்த 22,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவோ, யாருக்கு வரும் என்று சொல்லவோ பயன்படும் எபிஜெனெடிக் பரிசோதனை எதுவும் இன்று மருத்துவத்தில் கிடையாது. எச்சிலில் இருப்பது வாய்த் தோலின் செல்களும் வெள்ளை அணுக்களும். செல்லுக்குச் செல் புள்ளி மாறும் என்று மேலே சொன்னேன். எச்சிலைப் பார்த்து மூளையின் புள்ளியைச் சொல்வது, பக்கத்து வீட்டுக் குப்பையைப் பார்த்து உங்கள் வீட்டுச் சமையலைச் சொல்வதுபோல. அந்த மையத்தின் காகிதத்தில் "செரட்டோனின் ஜீன்" பெயரும் இருப்பதாக முழுக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். செரட்டோனின் என்பது மூளைச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். அதற்கும் ஒரு கதை உண்டு. 2003இல் நியூசிலாந்தின் டனீடின் நகரத்து இளைஞர்களை வைத்து வந்த ஓர் ஆய்வு, அந்த ஜீனின் குட்டை வடிவம் இருப்பவர்கள் கஷ்டகாலத்தில் சோர்வில் விழுவதாகச் சொன்னது. உலகமே கொண்டாடியது. நானும் மாணவர்களுக்கு அதைக் கரும்பலகையில் வரைந்து வகுப்பெடுத்தவன்தான். 2019இல், அது உட்பட அப்படிப் பேர்போன 18 ஜீன்களை லட்சக்கணக்கானவர்களிடம் சரிபார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய ஜீன்களைவிட அவை ஒன்றும் மேலாக இல்லை. மனச்சோர்வில் மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை; இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று சுமார் 37 சதவீதம் என்கிறது. ஆனால் அது நூற்றுக்கணக்கான ஜீன்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. அதைப் பொறுக்கி எடுத்து உங்கள் மகனின் எதிர்காலத்தைச் சொல்லும் இயந்திரம் எந்த மையத்திலும் இல்லை.

அவன் பிள்ளைகளுக்குப் போகுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விந்தும் முட்டையும் உருவாகும் செல்களில் ஒரு தடவை, கரு தரித்த முதல் சில நாட்களில் இன்னொரு தடவை, பெரும்பாலான புள்ளிகளைச் சிலேட்டைத் துடைப்பதுபோல உடம்பே துடைத்துவிடுகிறது. எலியிலும் சுண்டெலியிலும் சில தப்பிப் போவதாகச் சொல்கிறார்கள். மனிதர்களில் மனச்சோர்வு அப்படித் தலைமுறை தாண்டிப் போவதற்கு உறுதியான சான்று இல்லை. அவனுக்கு இப்போது 11 வயது. பேரப்பிள்ளைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, உங்கள் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம். மேலே அச்சானது சுருக்கம். எனக்கு வந்தது ஆறு பக்கம். அதில் கர்ப்பத்தைப் பற்றி நான்கு பக்கம். எந்த வாரம், எந்த டாக்டர், யார் என்ன சொன்னார்கள், அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று குழந்தை அசையவில்லை என்று பயந்தது வரை. ஐந்தாம் பக்கத்தின் கீழே, ஒன்றரை வரி: "ஜூனில் பெரிய ஸ்கூலுக்கு மாற்றினோம், அங்கே எல்லாம் இங்கிலீஷ்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள்." அதோடு விட்டுவிட்டீர்கள். வயிற்றுவலி எப்போது தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிற கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜூலை.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி வருகிறதா? அரைப் பரீட்சை லீவில் வந்ததா? மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருகிறான்? வேனில் எந்த இடம்? புது ஆசிரியர் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்? இதில் ஒன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை. எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த வீடியோ உங்களைப் பன்னிரண்டு வருடம் பின்னால் இழுத்துக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. நீங்கள் அங்கே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளை இங்கே தினமும் வேன் ஏறிக்கொண்டிருக்கிறான். பள்ளிதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பல காரணங்கள் சேர்ந்துதான் சோர்வு வரும். பருவ வயதுக்கு முன்னால் வருவதில் சூழ்நிலையின் கை ஓங்கியிருப்பது அடிக்கடி தெரிகிறது. நம் கைக்கு எட்டும் காரணத்தை முதலில் பிடிப்போம் என்கிறேன். கேலி, அடி, பாடம் புரியாமை, படிப்பதில் இருக்கும் குறைபாடு, கண் சரியாகத் தெரியாதது, எதுவாகவும் இருக்கலாம்.

எதிரில் உட்கார வைத்து "ஸ்கூல்ல என்ன பிரச்சினை, சொல்லு" என்றால் ஒன்றும் வராது. இந்த வயதுப் பையன்கள் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். என்னிடம் வரும் ஒரு சிறுவன் மூன்று முறை வந்தும் வாய் திறக்கவில்லை. நாலாவது முறை, என் மேஜையில் கிடந்த பேனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே, ஸ்பிரிங்கைப் பார்த்தபடி சொன்னான்: "அங்கிள், எங்க கிளாஸ்ல என்னைத் தமிழ்னு கூப்பிடுவாங்க." அவன் பெயர் அது இல்லை. இங்கிலீஷ் வராததற்கு வைத்த பட்டப்பெயர். உங்கள் வீட்டில் பைக் இருந்தால் கணவர் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெட்ரோல் போடப் போகட்டும். முதுகைப் பார்த்துப் பேசுவது அவர்களுக்குச் சுலபம்.

கணவர் என்றதும் ஒன்று. கடிதத்தில் அவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், வாரக் கடைசியில் வருவார் என்று. எங்கள் துறையும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் அப்பா எலியைப் பிரசவத்துக்கு முன்பே வேறு கூண்டுக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் எல்லாக் கணக்கையும் தாயின் தலையில் எழுதுவார்கள். தாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவு வருவதில் ஆச்சரியம் என்ன? கூண்டில் வேறு யாரும் இல்லையே. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வரட்டும்.

மாத்திரை விஷயத்தில் உங்கள் மருத்துவரை மீறி நான் பேசக் கூடாது, பொதுவாகச் சொல்கிறேன். பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு மிக அதிகம் ஆராயப்பட்ட மருந்து ஃபுளுவாக்ஸெடின்தான். அமெரிக்காவில் எட்டு வயதிலிருந்து அதற்கு அனுமதி உண்டு. 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரை வைத்து அங்கே நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கு 12 வாரத்தில் நல்ல குணம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம். லேசான சோர்வாக இருந்தால் பேச்சு சிகிச்சையோடு மட்டும் தொடங்குவோம். உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார் என்றால் லேசானதாக நினைக்கவில்லை. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் பரபரப்பு கூடும். தற்கொலை எண்ணம் மருந்து சாப்பிடுபவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கும் மாவு மாத்திரையில் இரண்டு பேருக்கும் வந்ததாகக் கணக்கு இருக்கிறது. அந்த ஆய்வுகளில் யாரும் உயிரிழக்கவில்லை. அதனால்தான் ஆரம்பத்தில் வாராவாரம் வரச் சொல்வோம். வேண்டாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். வாங்கிய மாத்திரையை அலமாரியில் வைத்துக்கொண்டு தினம் பார்த்துப் பயப்படுவது எந்தச் சிகிச்சையிலும் சேராது.

கடைசியாக, "இப்போதைய" என்று ஒரு சொல்லை மனதில் வைக்கச் சொன்னேனே.

ஆறாம் பக்கத்தில், முகவரிக்கு மேலே, அடித்துவிட்டுத் திரும்ப எழுதிய ஒரு வரி இருக்கிறது: "எனக்கும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தூக்கம் வருகிறது, ஐந்தாறு வருடமாக இப்படித்தான், அதை விடுங்கள்." விட முடியாது அம்மா. பிரசவத்துக்குப் பிறகு ஆறேழு மாதம் பிள்ளையைத் தூக்கப் பிடிக்காமல் கிடந்தீர்களே, அது சோம்பலும் இல்லை, பாசமில்லாததும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. இந்தியாவில் ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு வருகிறது. உங்களுக்கு அப்போது யாரும் பெயர் சொல்லித் தரவில்லை, சிகிச்சையும் தரவில்லை. அது போய்விட்டதா, இல்லை உள்ளேயே இருக்கிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு. மனச்சோர்வில் இருந்த 151 தாய்மாருக்கு மருந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஆய்வில் எந்தச் சிகிச்சையும் இல்லை, கவனித்தார்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் தாய்க்குக் குணமான வீடுகளில், முன்பே மனநலப் பிரச்சினை இருந்த பிள்ளைகளில் 33 சதவீதம் பேர் தாமும் தெளிந்திருந்தார்கள். தாய்க்குக் குணமாகாத வீடுகளில் 12 சதவீதம். அந்தத் தாய்மாரும் ஒரு காலத்தில் கர்ப்பமாக இருந்தவர்கள்தான். அப்போது அழுதார்களா என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் அந்த 22,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணம் கேட்க மாட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் உங்கள் மாவட்டத்தில் இருப்பார். மகனுக்கு ஏற்கெனவே பார்க்கும் மருத்துவரிடமே போனாலும் சரி. அவனுக்குத் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும் ஜன்னலில் "பேர் என்ன?" என்று கேட்பார்கள். அவன் பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று, இரண்டு சீட்டாக வாங்குங்கள்.